புகை மணக்கும் பியர்

நானும் என் மனைவியும் வெளிதேசம் போகும்போதெல்லாம் கடைப்பிடித்து வரும் வழக்கம் ஒன்று உண்டு. அரண்மனைகளையும் ஆலயங்களையும் அரை நாளில் தரிசித்துவிட்டு, மிச்சப் பொழுதை அந்த ஊர் ஜனங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடங்களில் கழிப்பது என்பதே அது. அந்த வழக்கம்தான் எங்களை ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலே, நியூரம்பர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய பாம்பெர்க் என்னும் சிறு நகரத்துக்கு அழைத்துச் சென்றது.

ஊரின் அழகைப் பற்றி நான் விஸ்தரிக்கப் போவதில்லை. ஏழு குன்றுகள், இரு கிளைகளாகப் பிரிந்தோடும் ரெக்னிட்ஸ் நதி, அதன் நடுவே, பிஷப் நிலம் தர மறுத்தபடியால் ஜனங்கள் ஆற்றிலேயே கம்பங்களை நட்டு எழுப்பிக்கொண்டதாகக் கர்ண பரம்பரையாகச் சொல்லப்படும் பழைய நகர மண்டபம், 1237-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட நாலு கோபுர தேவாலயம். பழைய நகரம் முழுவதையும் 1993-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. தத்துவ ஞானி ஹெகல் இவ்வூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு 1807-08-இல் ஆசிரியராக இருந்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிட்டால், கற்றறிந்தோருக்குச் செலுத்த வேண்டிய மரியாதை தீர்ந்தது. இனி வயிற்றின் விஷயத்துக்கு வரலாம்.

தேவாலயக் குன்றின் அடிவாரத்தில், டொமினிக்கன் தெருவில், ஷ்லெங்கெர்லா என்னும் பியர் இல்லம் இருக்கிறது. 1405-ஆம் ஆண்டுப் பத்திரத்திலேயே இந்த வீடு குறிப்பிடப்படுகிறது. கறுத்த உத்தரங்கள் தாழ்ந்து கவிந்திருக்கும் கூடத்தில், மரப் பீப்பாயிலிருந்து குழாய் வழியே தானாக இறங்கும் கரும்பழுப்பு நிறப் பானத்தை அரை லிட்டர்க் கண்ணாடியில் கொண்டுவந்து வைப்பார்கள். அதை வாயருகே கொண்டுபோகு முன்னரே மூக்கில் ஏறுவது புகை. சாம்பிராணிப் புகையுமல்ல, சமையலறைப் புகையுமல்ல, உப்பிட்டுப் புகையில் தொங்கவிட்ட பன்றியிறைச்சியின் வாசனை. முதல் மிடறை விழுங்கிய என் மனைவி கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க இது, குடிக்கிற சாமானா, கடிக்கிற சாமானா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானதே. முதல் கண்ணாடியைக் கொண்டு இந்தப் பானத்துக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது, இரண்டாவதிலோ மூன்றாவதிலோதான் நாக்கு அதனோடு சமாதானம் செய்துகொள்ளும் என்பது அவ்வூரார் அந்நியர்களுக்குக் கூறும் புத்திமதி. கடைக்காரனுக்கு மிகவும் அனுகூலமான புத்திமதி என்று நான் சந்தேகித்தேன். ஆனால் அது பொய்யல்ல. சாராயச் சத்து நூற்றுக்கு ஐந்துக்குச் சற்றே மேற்பட்ட அப்பானத்தை நிதானமாக அருந்த அருந்த, புகை பின்வாங்கிப் போய், அதன் அடியிலிருந்த தானியத்தின் இனிப்பும் ஒரு மெல்லிய கசப்பும் முன்னே வந்து நின்றன.

இந்தப் புகை எங்கிருந்து வருகிறது? பார்லியை நீரில் ஊறவைத்து முளைக்கச் செய்து, முளை மேலும் நீண்டு தானியத்தின் சத்தைத் தின்றுவிடாதபடி தக்க தருணத்தில் உலர்த்தி நிறுத்துவது பியர்த் தொழிலின் முதற்படி. அப்படி உலர்ந்த தானியமே மால்ட். வெயிலை நம்பிப் பிழைக்க முடியாத அந்தச் சீதோஷ்ணத்தில், விறகை எரித்து, அதற்கு மேலே துவாரமிட்ட தளத்தில் முளைத் தானியத்தைப் பரப்பி உலர்த்துவதே பெருவழக்காக இருந்தது. தீயின் உஷ்ணத்தோடு புகையும் தானியத்தினூடே ஏறிச் செல்லும். தானியம் அதை உறிஞ்சிக்கொள்ளும். பியரிலும் அது இறங்கும். ஆகவே இன்று நாம் வியப்போடு மோந்து பார்க்கிற இந்த மணம், ஒரு காலத்தில் ஐரோப்பியக் குடியானவன் அருந்திய பியரில் பெரும்பாலும் இருந்ததே. புகையைத் தனிக் குழாயில் வெளியேற்றிவிட்டுச் சூடான காற்றை மாத்திரம் தானியத்தினிடையே செலுத்தும் உலைகள் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பரவிய பிறகு, சுத்தமான ருசியை நாடிய உலகம் புகையைக் குற்றமென்று தள்ளிவிட்டது. பாம்பெர்க்கில் இரண்டு இல்லத்தார் மாத்திரம் தள்ளவில்லை. ஒன்று ஷ்லெங்கெர்லா, மற்றொன்று நதிக்கு அக்கரையில் 1536 முதல் நடந்துவரும் ஷ்பெட்சியால். இரு இல்லங்களும் இன்றளவும் காய்ந்த பீச் மரக் கட்டைகளை எரித்துத் தங்களுக்கு வேண்டிய மால்ட்டைத் தாங்களே உலர்த்திக்கொள்கின்றன. புதிதாக எதையும் கண்டுபிடித்து இந்த ஊர் பிரசித்தி பெறவில்லை. ஊரெல்லாம் கைவிட்டதைத் தான் கைவிடாமலிருந்ததே அதன் சாமர்த்தியம் என்பது என் அபிப்பிராயம்.

பழைமையில் அவர்களுக்குள்ள கர்வமும் கொஞ்சநஞ்சமல்ல. பியரில் பார்லி, ஹாப்ஸ் பூ, நீர் தவிர வேறெதுவும் சேரலாகாது என்று பவேரியப் பிரபு 1516-இல் பிறப்பித்த கட்டளை உலகப் பிரசித்தம். அதற்கு 27 ஆண்டுகள் முன்னதாக, 1489-லேயே, தங்கள் பிஷப் இதே விதமான கட்டளையைப் பிறப்பித்துவிட்டார் என்று பாம்பெர்க்வாசிகள் நினைவூட்டத் தவறுவதில்லை. அக்காலத்தில் பாம்பெர்க் பவேரியாவைச் சேர்ந்ததே அல்ல. பிஷப்பே அரசராக ஆண்ட தனி நாடு அது.

ஷ்பெட்சியாலின் பியர் நிறத்திலும் புகையிலும் மிருதுவானது. என் மனைவியின் வாக்கு அதற்கே விழுந்தது. அதற்கு நேரெதிரே, தெருவைக் கடந்தால், 1649-இல் தோன்றிய ஃபெஸ்லா. அங்கே புகைக்கு இடமில்லை. வாசலுக்கும் உட்கூடத்துக்கும் நடுவே, நம் பழைய வீடுகளின் ரேழியைப் போன்ற ஓர் இடத்தில், வேலை முடிந்து வீடு திரும்புவோர் நின்றபடியே ஒரு கண்ணாடி பியரை முடித்து ஊர்க்கதை பேசிக் கலைகிறார்கள். உள்ளே உட்கார்ந்தாலோ, மேஜை நமக்கே உரியது என்னும் எண்ணத்தை விட்டொழிக்க வேண்டும், காலியிடம் கண்டவர் "இருக்கலாமா?" என்று கேட்டுவிட்டு அருகே அமர்வார். எழுபதைக் கடந்த மூதாட்டிகள் இருவர் எங்களோடு அப்படி அமர்ந்து, ஆளுக்கொரு அரை லிட்டரை வெகு சாவதானமாக அருந்தியபடி, எங்கள் தட்டில் இருந்ததை எப்படி அறுத்து உண்பது என்று உபதேசம் செய்தார்கள். குடித்துத் தள்ளாடுபவரை அந்தக் கூடங்களில் நாங்கள் காணவில்லை. குடியை நான் சிபாரிசு செய்வதாக யாரும் கொள்ள வேண்டாம். சாப்பாட்டு மேஜையை விட்டு நகராத பானத்தின் சுபாவம் வேறு என்பதை மாத்திரம் சொல்கிறேன்.

தட்டில் இருந்தது வெங்காயம். முழுப் பெரிய வெங்காயத்தைக் குடைந்து, கொத்திய பன்றியிறைச்சியை மசாலையோடு உள்ளே திணித்து, அடுப்பில் வேகவைத்து, மேலே ஒரு துண்டு புகையூட்டிய கொழுப்பிறைச்சியைப் போர்த்தி, புகை பியர் சேர்த்த குழம்பை ஊற்றி, மசித்த உருளைக்கிழங்கோடு பரிமாறுகிறார்கள். வெந்த வெங்காயத்தின் இனிப்பும் பியரின் புகையும் நாவில் சந்திக்கும்போதுதான், இந்தப் பானம் தனியே அருந்துவதற்காக உண்டானதன்று என்பது புலனாகிறது. வெங்காயம் இங்கே தற்செயலாக வந்ததுமல்ல. நகர எல்லைக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் தோட்டப் பயிர் செய்துவரும் குடிகள் வசிக்கும் பகுதி ஒன்று உண்டு. அவர்களுடைய வீட்டு முகப்பு தெருவைப் பார்க்க, பின்னால் நீண்ட காய்கறித் தோட்டங்கள் மறைந்து கிடக்கின்றன. வெங்காயத் தாள் மேலே வளர்ந்து கிழங்கின் சத்தைக் கவராமலிருக்க, அத்தோட்டக்காரர்கள் காலில் பலகை கட்டிக்கொண்டு தாள்களை மிதித்துச் சாய்ப்பது வழக்கமாம். அதனாலேயே அவர்களுக்கு வெங்காயம் மிதிப்போர் என்று பரிகாசப் பெயர்.

செப்டம்பர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் செல்பவர்கள், சமீபத்திலுள்ள ஐஷ் நதிப் பள்ளத்தாக்கின் குளங்களில் வளர்ந்த கெண்டை மீனைத் தவறவிடக்கூடாது. நெடுக்கில் இரண்டாகப் பிளந்த பாதி மீனை மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்து, வாலும் துடுப்பும் மொறுமொறுவென்று நிமிர்ந்து நிற்கப் பரிமாறுவார்கள். இறைச்சி உண்ணாதவர் பாடு சற்றுத் திண்டாட்டம்தான். வெண்ணெயும் வெங்காயமும் மிளகாய்ப்பொடியும் சேர்த்துப் பிசைந்த பாலாடைக்கட்டி, ரொட்டி, உருளைக்கிழங்கு உருண்டை ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் திருப்தியடைய வேண்டியதுதான்.

வெயில் காலத்தில் ஊரார் நிலவறைக்கு ஏறிப் போகிறார்கள். பிழையாக எழுதிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். குன்றுகளின் மணற்பாறையைக் குடைந்து பியரைக் குளிர்ச்சியாகச் சேமித்த சுரங்கங்கள் அவை. மேலே வெயில் படாதிருக்க மரங்களை நட்டார்கள். நிழல் விழுந்ததும் பெஞ்சுகள் வந்தன. பாம்பெர்க் அடங்கிய இதே ஃபிராங்கோனியப் பிரதேசத்தில் 1842-இல் பிறந்த கார்ல் லிண்டே என்னும் விஞ்ஞானி, மியூனிக் பியர் ஆலை ஒன்றின் உதவியோடு குளிர்சாதன யந்திரத்தை விருத்தி செய்தபின் சுரங்கங்களுக்கு வேலை போயிற்று. பெஞ்சுகள் மாத்திரம் நிலைத்தன. ஷ்பெட்சியாலாருக்கு ஸ்டெபான் குன்றின்மேல் உள்ள தோட்டத்தில், நாலு கோபுரங்களும் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் கண்ணெதிரே விரிந்திருக்க, மாலைப் பொழுது போவதே தெரிவதில்லை.

அக்டோபரில் போனால் ஷ்லெங்கெர்லாவின் வீரியம் மிக்க குளிர்கால பியர் இறங்கியிருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்திலோ, பீச்சுக்குப் பதில் ஓக் மரப் புகையில் உலர்த்திய மால்ட்டால் செய்த இன்னொன்று கிடைக்கும். ரயில் நிலையத்துக்குத் திரும்பும் வழியில், 1879-இல் ஸ்தாபிக்கப்பட்ட வையர்மன் மால்ட் ஆலையின் செங்கல் கட்டடங்களையும் பார்த்துவிடலாம். அங்கே தயாராகும் சரக்குகளில் பீச் புகையூட்டிய மால்ட்டும் ஒன்று; பல தேசங்களிலுள்ள சிறு பியர் ஆலைக்காரர்கள் இப்போது அதை மூட்டை மூட்டையாக வரவழைக்கிறார்கள்.