விடுப்பு உண்டு, அறிவிப்பும் வேண்டும்

பிள்ளைப்பேற்று விடுப்பு என்பது தாய்க்கு மட்டுமே உரியது என்று தோட்டப்புறங்களில் நெடுங்காலம் எண்ணி வந்தோம். பிள்ளை பிறந்த மறுநாளே தகப்பன் கத்தியும் வாளியுமாகப் பால்வெட்டுக்குச் செல்வதை நாம் கண்டதில்லையா?

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் இந்நிலையை மாற்றியது. மணமான தகப்பனுக்குச் சம்பளத்துடன் தொடர்ந்து 7 நாள் விடுப்பு உண்டு. ஐந்து பேறுகள் வரை இதனைப் பெறலாம். அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருத்தல் வேண்டும். பேற்றுக்கு 30 நாள் முன்பாகவோ, இயலாவிடில் பிள்ளை பிறந்தபின் கூடிய விரைவிலோ நிர்வாகத்திற்கு அறிவித்தலும் வேண்டும். தாயின் விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோர்க்கு ஆண்டுக்கு 60 நாள். இது சாதாரண நோய் விடுப்பில் கழிக்கப்படாது.

அறிவிப்பில்தான் நம்மவர் பலர் தவறிவிடுகின்றனர். மருத்துவரின் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்து, சம்பள நாளன்று கிராணியாரிடம் நீட்டுவோர் உளர். நோய் விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்திற்குள் அறிவிக்காவிடில், கடிதம் இருந்தும் அனுமதியின்றி வராதவராகவே சட்டம் கருதும், அந்நாட்களுக்குச் சம்பளமில்லை. எழுந்து நடக்க இயலாதவர் அண்டை வீட்டார் மூலமாகவேனும் அலுவலகத்திற்குச் சொல்லியனுப்பிவிட வேண்டுகிறோம்.