பழைய கேரவனும் வேகத்தின் அளவும்

மோட்டார் காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடே கேரவன். இங்கிலாந்தில் விடுமுறை நாட்களில் கடற்கரைக்குப் போகும் சாலைகளில் இதனை நிறையக் காணலாம். 1885-ஆம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் 'வாண்டரர்' என்னும் வண்டியைத் தமக்கெனச் செய்வித்து, குதிரைகளைப் பூட்டி ஊர்ஊராகச் சுற்றினார். கார் இழுக்கும் கேரவன்களை 1919-இல் பர்மிங்ஹாமின் எக்கிள்ஸ் நிறுவனத்தார் செய்யத் தொடங்கினர். பல்லாண்டுகளுக்கு முன் செய்த இத்தகைய வண்டிகளைப் பழுதுபார்த்து, வர்ணம் பூசி, இன்றும் சாலையில் கொண்டு செல்வோர் அந்நாட்டில் பலர் உண்டு. இவற்றை எவ்வளவு வேகத்தில் இழுக்கலாம் என்பதே அவர்களிடையே ஓயாத கேள்வி.

கேரவன் இழுக்கும் கார் சாதாரண நெடுஞ்சாலையில் மணிக்கு 50 மைலும், இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60 மைலும் போகலாம் என்கிறது அந்நாட்டுச் சட்டம். அது மேல் வரம்பு. அதைத் தொட்டே தீரவேண்டும் என்பதில்லை.

வேகம் 40 மைலிலிருந்து 60 மைலாகும்போது, அது ஒன்றரை மடங்குதானே என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் வண்டியின் இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்காகிவிடுகிறது. நிறுத்தும்போது அத்தனையும் பிரேக்கில் வெப்பமாக மாறவேண்டும். பழைய கேரவனின் பிரேக்கோ எளிய அமைப்பு. கார் வேகம் குறைந்ததும் கேரவன் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலே ஒரு தண்டின் வழியாகச் சக்கரங்களில் பிரேக்கைப் போடும். பின்னோக்கிச் செலுத்தும்போதும் இவ்வாறே பிடித்துக்கொள்ளுமாதலால், பல பழைய வண்டிகளில் யாராவது இறங்கி ஒரு கொக்கியை எடுத்துவிட வேண்டும். அந்த வேலை வீட்டுப் பிள்ளைகளின் தலையில்தான் விழும் போலும்!

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. ஒரு பக்கக் காற்றோ, கடந்து செல்லும் லாரி தள்ளும் காற்றோ கேரவனை இலேசாக அசைக்கிறது. வேகம் குறைவானால் அந்த அசைவு இரண்டொரு தடவையில் தானே அடங்கிவிடும். வேகம் கூடக்கூட அடங்க நேரமாகும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடந்தபின் அசைவு அடங்காமல் வளர்ந்து, வண்டி பாம்புபோல் நெளிந்து, காரையும் இழுத்துக்கொண்டு கவிழக்கூடும். அந்த எல்லை வேகம் வண்டிக்கு வண்டி மாறும். நெளியத் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். பதறிப்போய் பிரேக்கை அழுத்துவதும், ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்புவதும் கேட்டை வளர்க்கும். இறக்கத்தில் கேரவன் பின்னிருந்து தள்ளுவதால், இறங்குமுன்பே வேகத்தைக் குறைத்து, கீழ் கியருக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

அந்த எல்லை வேகத்தை உயர்த்துவதும் தாழ்த்துவதும் பாரத்தை ஏற்றும் முறை. மாட்டுவண்டிக்குச் சொல்லும் முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் இங்கும் பொருந்தும். பின்பாரமாக ஏற்றிய கேரவன் எளிதில் நெளியும். கனமான பொருள்களை அச்சுக்கு அருகில், தரையோடு தாழ்வாக வைக்கவேண்டும். மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் காரின் கொக்கியின்மீது அமர்வது நலம். 800 கிலோ வண்டியானால் 40 முதல் 56 கிலோ. கார் தாங்கும் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாதிருப்பது புதியவர்களுக்கு ஏற்றது.

டயரைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டில் பெரும்பகுதி நின்றே கிடக்கும் வண்டியின் டயர் தேய்வதில்லை. ஆனால் ரப்பர் முதுமையடைந்து வெடிக்கிறது. ஐந்தாண்டுகளில் மாற்றுவதும், ஏழாண்டுகளைத் தாண்டவிடாமல் இருப்பதும் அங்குள்ளோர் கூறும் அறிவுரை.

பழைய வண்டியின் உடல் மரச்சட்டத்தால் ஆனது. அதிவேகத்தில் அதன் மூட்டுகள் தளரும், இடுக்கில் மழைநீர் புகும், மரம் உளுத்துப்போகும். ஆகவே நல்ல சமதளச் சாலையில் 45 முதல் 50 மைல், காற்று பலமானால் 40 மைலுக்கும் கீழே என்பதே எங்களுக்கு நியாயமாகப் படுகிறது. நூறு மைல் தூரத்தை 60 மைல் வேகத்தில் கடக்க 100 நிமிடம். 50 மைல் வேகத்தில் 120 நிமிடம். இருபது நிமிடத்தைச் சேமிக்க ஒரு குடும்பத்தின் உயிரைப் பணயம் வைப்பானேன்? பின்னால் வண்டிகள் வரிசையாகச் சேர்ந்துவிட்டால், இடமுள்ள ஓரத்தில் ஒதுங்கி அவற்றிற்கு வழிவிட்டுப் பின் தொடரலாம்.