வெந்நீரை வழிமறித்தது யார்?

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் கடையநல்லூருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனி, ஆடியில் மேற்கே மலை மேகத்துக்குள் மறைந்துவிடும். சாரல் காற்று தெருவுக்குள் வந்துவிடும். அருவியில் கூச்சல் போட்டுப் பச்சைத்தண்ணீரில் ஆசைதீரக் குளித்தவர்தான் மறுநாள் காலையில் வீட்டில் வெந்நீர் கேட்பார். அது என்ன நியாயமோ!

மாடியில் சோலார் ஹீட்டர் வைத்த வீடுகளில் அந்த மாதங்களில் ஒரு புகார் வரும்: "தண்ணீர் சுடவே மாட்டேங்குது." அதற்கு மெக்கானிக்கைத் திட்டக் கூடாது. வெயில் இல்லை, அவ்வளவுதான். நாம் பார்க்கப்போகும் வழக்கு வேறு. அது சித்திரை வெயிலில் நடந்தது.

ஒரு வீட்டில் சோலார் தொட்டியிலிருந்து குளியலறைக்கு வரும் குழாய் ஒழுகியது. ஆள் வந்தார், பழைய குழாயைக் கழற்றிப் புதிதாக மாட்டினார், போய்விட்டார். மறுநாள் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் 'புஸ்ஸ்' என்றது. ஒரு கை தண்ணீர் வந்தது. மறுபடி 'புஸ்ஸ்'. பிறகு ஒன்றுமில்லை.

"ஏட்டி, குழாய் இருமுது பாரு" என்றார் ஆச்சி, ஏழாம் வகுப்புப் பேத்தியிடம்.

"பக்கத்துப் பச்சைத்தண்ணிக் குழாய் நல்லாத்தானே வருது ஆச்சி?"

கெட்டிக்காரப் பெண். பாதித் துப்பு அந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிட்டது. இனி சந்தேகப்பட வேண்டியவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

முதலில் மாடியில் சாய்வாக நிற்கும் கறுப்புக் கண்ணாடிக் குழல்கள். ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்க்தான். கண்ணாடிக்குள் கண்ணாடி, இரண்டுக்கும் நடுவே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட வெற்றிடம். வெயில் உள்ளே போகும், ஆனால் உள்ளே சேர்ந்த சூடு எளிதில் வெளியே வராது. இந்த இரட்டைச்சுவர் வித்தையை 1892-இல் ஜேம்ஸ் டீவர் என்ற விஞ்ஞானி செய்து காட்டினார். அவருக்கு வேண்டியிருந்தது சூடு அல்ல, கடுங்குளிர்! திரவமாக்கிய வாயுக்களைப் பாதுகாக்கத்தான் அதைச் செய்தார்.

குழலின் அடி நுனியை உற்றுப் பார்த்தால் வெள்ளி பூசியதுபோல் பளபளக்கும். அது பேரியம் என்ற உலோகப் பூச்சு. உள்ளே கொஞ்சம் காற்று புகுந்தாலும் அந்த வெள்ளி மறைந்து பால் வெள்ளையாகிவிடும். குழல் கெட்டதா என்று கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம், கண் போதும். நம் வீட்டில் எல்லா நுனியும் பளபளத்தன. குழல்கள் குற்றமற்றவை.

அடுத்தது, சுட்ட தண்ணீர் தொட்டிக்கு ஏறுகிறதா? இங்கே மோட்டார் கிடையாது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 997 கிராம் இருக்கும். அதையே 60 டிகிரிக்குச் சூடாக்கினால் விரிந்துவிடும். அதே ஒரு லிட்டர் அளவுக்கு 983 கிராம்தான் தேறும். வித்தியாசம் வெறும் 14 கிராம்! அந்த 14 கிராம் இளைப்பால் சுடுநீர் மேலே ஏறுகிறது, குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்குகிறது. அதனால்தான் தொட்டி எப்போதும் குழல்களின் தலைமாட்டில் இருக்கிறது. 1909-இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் இப்படித் தொட்டியைத் தனியே மேலே வைத்து, சூடு போகாமல் மூடி, ராத்திரியிலும் வெந்நீர் தரும் ஹீட்டரை விற்றார். நம் வீட்டுத் தொட்டியிலும் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஆக, சூட்டில் குறையே இல்லை. வழியில்தான் யாரோ மறிக்கிறார்கள்.

புதுக் குழாயைப் பாருங்கள். வெள்ளை நிறம், சாதாரண பி.வி.சி. பச்சைத்தண்ணீருக்கு அது போதும். 60 டிகிரியைத் தாண்டிய நீர் ஓடினால் இளகும். வெந்நீருக்கு இளமஞ்சள் நிற சி.பி.வி.சி. போட வேண்டும், அது 90 டிகிரி வரை தாங்கும். இந்த வெள்ளைக் குழாய் ஒரே நாளில் இரண்டு கிளாம்புக்கு நடுவே தொய்ந்துவிட்டது. போதாக்குறைக்குக் கைப்பிடிச் சுவரைத் தாண்ட, குழாயை மேலே ஏற்றி மறுபடி கீழே இறக்கியிருந்தார்கள். அந்த மேட்டின் உச்சியில்தான் திருடன் உட்கார்ந்திருந்தான். அவன் பெயர் காற்று.

தண்ணீர்க் குழாய்க்குள் காற்று எப்படி வந்தது? குழாயைக் கழற்றி மாட்டியபோது கொஞ்சம் புகுந்தது. மீதி தண்ணீரோடேயே வந்தது. ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத்தண்ணீர் பிடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் உள்சுவரில் குட்டிக் குமிழிகள் ஒட்டியிருக்கும். தண்ணீரில் கரைந்திருந்த காற்று அது. சூடு ஏற ஏறத் தண்ணீரால் அவ்வளவு காற்றைக் கரைத்து வைத்திருக்க முடியாது, வெளியே விட்டுவிடும். அந்தக் குமிழிகள் மிதந்து போய் மேட்டில் கூடிவிட்டன.

தண்ணீர் அவற்றைத் தள்ளிக்கொண்டு போகலாமே? 10 மீட்டர் உயரத் தண்ணீர் நின்றால்தான் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்குச் சமமான உந்துதல் கிடைக்கும். மாடித் தொட்டிக்கும் மேட்டுக்கும் அரை மீட்டர்கூட இல்லை என்றால் பாவம், அது என்ன செய்யும்! "மோட்டார் வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம் அந்த ஆள். தேவையில்லாத செலவு. குழாயைத் தொட்டியிலிருந்து சீராகச் சரிந்து இறங்கும்படி மாற்றினாலே காற்று பின்னோக்கி ஏறி, தொட்டியில் நிமிர்ந்து நிற்கும் ஏர் வென்ட் குழாய் வழியாக வெளியேறிவிடும்.

அந்த ஏர் வென்ட் வாயை எண்ட் கேப் போட்டு மூடுகிறவர்களும் உண்டு. ரொம்பத் தப்பு. ஆவி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். தொட்டி காலியாகும்போது காற்று உள்ளே வராவிட்டால், வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையளவுக்கு அழுத்தும். தகரத் தொட்டி நசுங்கிவிடும்.

லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கும் இதே திருடனோடு சண்டை உண்டு. குளிர்நாட்டில் பல வீடுகளில் சன்னலுக்குக் கீழே இரும்பு ரேடியேட்டர் இருக்கும். அதற்குள் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும். ரேடியேட்டரின் மேல்பாதி சில்லென்றும் கீழ்பாதி சூடாகவும் இருந்தால் மேலே காற்று தங்கியிருக்கிறது. ஓரத்தில் ஒரு குட்டித் திருகு இருக்கும். சாவி போட்டு மெல்லத் திருப்பினால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிட வேண்டும். மேலே சூடு, அடியில் சில்லென்று இருந்தால் குற்றவாளி வேறு: அடியில் படிந்த துருச் சேறு.

மின்சார கீசர் வீட்டுக்காரர்களுக்கு ஒரு சின்ன வழக்கு. ரிப்பேருக்குப் பிறகு கொஞ்சம் வெந்நீர் வந்து, உடனே ஆறிப்போகிறதா? கீசரின் அடியில் நீல வளையமும் சிவப்பு வளையமும் இருக்கும். நீலத்தில் பச்சைத்தண்ணீர் நுழைந்து தொட்டியின் அடியில் தங்கும். சிவப்பின் உள்ளே ஒரு நீளக் குழாய் உச்சி வரை போய்ச் சுடுநீரை எடுக்கும். மாற்றி மாட்டினால் பச்சைத்தண்ணீர் உச்சியில் போய் விழுந்து வெந்நீரைக் கெடுக்கும், வெளியேறுவதோ அடித்தண்ணீர். வளையங்களைக் கீழிருந்தே பார்த்து, மாறியிருந்தால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு மாற்றி மாட்டுவது அவர்கள் வேலை.