வேந்தர் முகமும் வெள்ளியின் எடையும்

சேலத்து அஸ்தம்பட்டியிலிருந்து நாமக்கல் வழியே தெற்கே சென்றால் கரூர். அங்கு அமராவதி ஆற்றுமணல் உரோமக் காசுகளோடு கிரேக்கக் காசுகளையும் ஈந்துள்ளது. தெசலி, கிரீட்டு, ரோட்சு ஆகிய இடங்களின் காசுகளும் சிரியாவை ஆண்ட செலூக்கிய வேந்தரின் காசுகளும் அவற்றுள் அடங்கும். நாணயவியல் அறிஞர் இரா. கிருட்டிணமூர்த்தி அவற்றை ஆராய்ந்து நூலாக்கினார்.

காசைக் கையிலெடுப்போர் முதலில் முகத்தையே நோக்குவர். ஆய்வாளனோ தராசைத் தேடுவான்.

கிரேக்கர் வெள்ளியை ஈயக் கனிமத்திலிருந்து பிரித்தனர். உருகிய கலவைமேல் காற்று படும்போது ஈயம் உயிர்வளியோடு கூடி விலகும். வெள்ளி அதனோடு கூடாது எஞ்சி நிற்கும். எஞ்சியதை எடையிட்டு வில்லையாக்கி, பட்டடையில் பதித்த அச்சின்மேல் வைத்து, மற்றோர் அச்சை மேலே நிறுத்திச் சம்மட்டியால் அடிப்பர். ஏதென்சு நகரின் எடைமுறையில் ஒரு திரம்மா ஏறத்தாழ 4.3 கிராம். ஆந்தை பொறித்த நான்கு திரம்மாக் காசு 17 கிராமுக்குச் சற்று மிகும்.

பாக்திரியாவை ஆண்ட கிரேக்க வேந்தரும் முதலில் இவ்வெடையையே பின்பற்றினர். இந்துகுச மலையைக் கடந்ததும் நிலைமை மாறிற்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் முதலாம் அப்பல்லோடோட்டசு ஏறத்தாழ 2.45 கிராம் எடையில் சதுர வெள்ளிக்காசு வெளியிட்டான். ஒருபுறம் யானையும் கிரேக்க எழுத்தும். மறுபுறம் திமிலுடைய காளையும் கரோட்டி எழுத்தும். வட்டக் காசுக்குப் பழகிய கிரேக்கன் சதுரக் காசு அடித்ததைப் பணிவென்று கொள்ளலாகாது; அது வணிகம் அறிந்த அரசியல். சதுர முத்திரைக் காசே இந்நாட்டுச் சந்தை கண்டு பழகியது. பின்வந்த கிரேக்க வேந்தன் மினாந்தரும் அதே எடையைத் தொடர்ந்தான். இருமொழிப் பொறிப்பால் பின்னொரு நன்மையும் விளைந்தது: 1830-களில் சேம்சு பிரின்செப்பு முதலானோர் கிரேக்கப் பெயர்களைத் துணைகொண்டே கரோட்டி எழுத்தைப் படித்தனர்.

அப்பல்லோடோட்டசு, மினாந்தர் ஆகியோரின் திரம்மாக்களும் கி.பி. முதல் நூற்றாண்டிலும் பரூச்சுத் துறைமுகத்தில் வழங்கியதைச் செங்கடல் வழிப்பயணக் குறிப்பு சொல்கிறது. வேந்தர் மாண்டு நெடுங்காலமாயினும் வெள்ளி செலாவணியில் இருந்தது. முகத்தைவிட வெள்ளியையே மதிக்கும் இந்நோக்கு கொங்குநாட்டுப் புதையல்களிலும் தெரிகிறது. அகசுடசு, திபேரியசு ஆகியோரின் வெள்ளித் தினாரிகளே அவற்றில் மிகுதி. கி.பி. 64இல் நீரோ தினாரியின் எடையைக் குறைத்து வெள்ளியில் செம்பையும் கூட்டினான். அதற்குப் பிந்திய வெள்ளிக்காசுகள் இங்கு அருகியே கிடைக்கின்றன.