பழைய கணனியைக் கழித்துவிட முன்னர்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பெருந்தொகையாகப் புத்தளம் மாவட்டத்திற்கு வந்தன. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் விட்டுவிட்டு வந்தோர் பலர். பின்னர் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்திற்கும் நடையாய் நடந்து தேடிய கடதாசிகளே அவர்களது உரிமைக்குச் சாட்சி. காணி தூரத்தில் இருக்கும்போது அதன் கடதாசிதான் நமக்குக் காணி.

அக்கடதாசிகளின் பிரதிகளையும் சங்கத்துப் பட்டியல்களையும் இன்று நாம் கணனியில் வைக்கின்றோம். ஆனால் கரைத்தீவு போன்ற கரையோர ஊரில் உப்புக் காற்று இரும்பையே தின்றுவிடும். கணனியை மட்டும் விடுமா? வயதான கணனி முனகத் தொடங்கியதும் "புதிதாக வாங்குங்கள்" என்று சொல்வது எளிது. வாங்கப் பணம்? அதைக் கழித்துவிட முன்னர் சில விடயங்களைச் சிந்திப்போம்.

ஏன் மெதுவாகிறது?

கணனியின் வன்தட்டு நெல் சேமிக்கும் களஞ்சியம் போன்றது. நினைவகம் சூடடிக்கும் களம் போன்றது. களம் சிறிதானால் மூட்டைகளைக் களஞ்சியத்துக்கும் களத்துக்குமாகச் சுமந்தே நேரம் போய்விடும். புதிய மென்பொருள்கள் பெரிய களம் கேட்கின்றன. 1995இல் வந்த விண்டோஸ் 95 வெறும் 4 எம்பி நினைவகத்தில் ஓடியது. 2021இல் வந்த விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி கேட்கிறது. அதாவது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அத்துடன் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். பல பழைய கணனிகளில் இது இல்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவையோ மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காத கணனியை இணையத்தில் இணைப்பது வேலியில்லாத தோட்டத்தில் பயிரிடுவது போலாகும்.

வேறு வழி உண்டு

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸ் இலவசமானது. லினக்ஸ் மின்ட் 2 ஜிபி நினைவகத்திலும் இயங்கும். 4 ஜிபி இருந்தால் நல்லது. அதனிலும் வலுக்குறைந்த கணனிக்கு அன்டிஎக்ஸ், பப்பி போன்றவை உண்டு. கேரளப் பாடசாலைகள் பல ஆண்டுகளாக இத்தகைய கட்டற்ற மென்பொருளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றன.

மாற்றுமுன் பின்வரும் ஒழுங்கில் செய்யுங்கள்:

1. முதலில் எல்லாக் கோப்புகளையும் இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். ஒரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும். புதிய இயங்குதளத்தை நிறுவும்போது பழையவை அழிந்துபோகக் கூடும்.

2. தூசியைத் துடையுங்கள். திகதி பிழையாகக் காட்டினால் உள்ளேயுள்ள சிறு வட்ட பற்றரியை மாற்றுங்கள். திகதி பிழைத்தால் பல இணையத்தளங்கள் திறக்கா.

3. இயலுமானால் நினைவகத்தைக் கூட்டுங்கள். சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி போடுங்கள். புதுக் கணனியின் விலையில் இது சிறு பங்கே.

4. லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வன்தட்டைத் தொடாமலே அச்சுப்பொறியும் இணையமும் வேலை செய்கின்றனவா என அறியலாம். திருப்தியானால் மட்டும் நிறுவுங்கள்.

ஒரு எச்சரிக்கை: 32 பிட் கணனிகளைப் பலரும் கைவிட்டு வருகின்றனர். 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13ஐ அவற்றில் நேரடியாக நிறுவ முடியாது. அத்தகைய கணனியை இணையமின்றித் தட்டச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பாமினியில் அடித்த கடிதங்கள்

நம்மிடம் பாமினி எழுத்துருவில் அடித்த கடிதங்கள் ஏராளம். பாமினி உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகிறது. எழுத்துரு இல்லாத கணனியில் அது வாசிக்க முடியாத கிறுக்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், கடிதம் அழியவில்லை. லினக்ஸிலும் அந்த எழுத்துருவை நிறுவி லிப்ரே ஒபிஸில் திறக்கலாம். எனினும் படிப்படியாக யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் பெயர், காணி இலக்கம் ஆகியவற்றை மூலப் பிரதியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்துப் பிழை ஒரு குடும்பத்தை அலைக்கழிக்கும்.

நம் நாட்டு முன்மாதிரி

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர் காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்ய இலங்கை வல்லுநர்கள் சஹானா என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்கினர். சிங்களத்தில் 'நிவாரணம்' எனப் பொருள்படும் அது, 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. அவதிப்பட்ட மண்ணிலிருந்தே அவதிப்படுவோருக்கான கருவி பிறந்தது.

ஆகவே ஊரில் ஓ.எல். எழுதிய பிள்ளைகள் இருவர் இதைக் கற்றுக்கொள்ளட்டும். ஒருவர் வெளியூர் போனாலும் மற்றவர் இருப்பார். கணனி என்றோ ஒருநாள் நின்றுபோகும்; அதற்குள் இருப்பவை நின்றுபோகாமல் இன்றே பார்த்துக்கொள்வோம்.