தலையில் தையல்: நீண்ட கூந்தலை என்ன செய்வது?

சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை. அல்சூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லருகே என் மாமியார் வழுக்கி விழுந்துவிட்டார். வயது 72. கல்லின் விளிம்பு பின்மண்டையில் பட்டு ஏறக்குறைய இரண்டு அங்குல நீளத்துக்குத் தோலைக் கிழித்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் காயத்தில் காபித்தூளை அப்பி, புடவைத் தலைப்பால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னால் மாட்டேன் என்கிறார். வலிக்குப் பயந்து அல்ல.

“தலையை மழிச்சுடுவாங்கம்மா. திருப்பதிக்குக் கொடுக்கறதுன்னா அது வேற. இதுக்கா கொடுக்கணும்? மஞ்சப்பொடி வெச்சுக் கட்டினா ஆறிடும்” என்றார்.

இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அவருக்கு. நரைத்ததே தவிர அடர்த்தி குறையவில்லை. அரை நாள் இந்த வாதத்திலேயே போயிற்று. மாலையில்தான் அழைத்துப் போக முடிந்தது. அவர் இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதைக் கேட்டதும் டாக்டரம்மா என்னைத்தான் கடிந்துகொண்டார். அத்தகைய மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்குத் தலையில் சிறு அடிபட்டாலும் உடனே காட்டிவிட வேண்டுமாம். வெளியே நின்ற ரத்தம் உள்ளே கசியக்கூடும். நல்லவேளை, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. முடி போய்விடுமே என்ற பயத்தில் அரை நாளைக் கடத்தினோமே என்று இன்றும் எனக்கு உறுத்தல் உண்டு. நம் வீடுகளில் இந்தப் பயம் பலருக்கும் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தலைத்தோலைப் பற்றிக் கொஞ்சம். சிறு காயத்துக்கே தலையில் ரத்தம் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ரத்தக்குழாய்கள் அதிகம். அவற்றைச் சுற்றியுள்ள நார்த்திசு குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பதால், வெட்டுப்பட்டால் கையில் காலில் போலச் சுருங்கி மூடிக்கொள்வதில்லை. சுத்தமான துணியை மடித்து வைத்து, நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், பத்து நிமிடமாவது விடாமல் அழுத்த வேண்டும். எலும்பு அமுங்கியிருப்பது போல் தெரிந்தால் மட்டும் அழுத்தாமல் துணியை மேலாக வைத்துக் கட்டி விரைய வேண்டும். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். என் மாமியாருக்குத் தையல் போட்டதைவிடக் காபித்தூளைக் கழுவி எடுக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. (கும்பகோணத்திலிருந்து வந்த தூள். அது வீணானதில் அவருக்குத் தனி வருத்தம்.) ரத்த ஓட்டம் மிகுதி என்பதில் ஒரு நன்மையும் உண்டு: தலைக்காயம் சீக்கிரம் ஆறும்.

இன்னொன்று. உங்கள் விரல்களை உச்சந்தலையில் வைத்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தோல் முழுதும் ஒரே துண்டாக எலும்பின் மேல் நகரும். தலைத்தோல் ஐந்து அடுக்குகளால் ஆனது. மேல் மூன்றும் ஒன்றோடொன்று இறுகியவை, அவற்றுக்குக் கீழே இருக்கும் நான்காவது தளர்வானது. ஆகவே முடியை எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்த இழுவை தலை முழுதும் பரவுகிறது. 1994-இல் பஞ்சாபில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் பின்னல் புல் வெட்டும் இயந்திரத்தில் சிக்கி, தலைத்தோலும் முகத்தோலும் இரண்டு துண்டுகளாகப் பிய்ந்து வந்தன. அவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, குடும்பத்தார் அவளை லூதியானா கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார்கள். டாக்டர் ஆபிரகாம் தாமஸ் தலைமையில் ரத்தக்குழாய்களை இணைத்து அதே முகத்தைத் திரும்பப் பொருத்தினார்கள். உலகிலேயே அப்படி முழு முகத்தைப் பொருத்தியது அதுதான் முதல் தடவை. நம் வீட்டுக் காயம் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் பாடம் ஒன்றுதான்: முன்பக்கம் இறுக்கிப் பின்னினாலும் பின்பக்கத் தையல் இழுபடும்.

மழிப்பது பற்றிச் சொல்கிறேன். முன்பெல்லாம் தையல் என்றால் கத்தியும் கூடவே வரும். இன்று மருத்துவ உலகின் கருத்து மாறிவிட்டது. சவரக்கத்தி தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கி, கிருமி நுழைய வழி செய்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன் முடியை அகற்றாமலிருப்பதே நல்லது, தவிர்க்க முடியாவிட்டால் கிளிப்பரால் ஒட்ட வெட்டலாம், மழிக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனமே 2016-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சிறு காயங்களுக்கு இன்னொரு முறையும் உண்டு. காயத்தின் இரு பக்கமும் உள்ள முடியில் சில இழைகளை எடுத்து, குறுக்கே ஒரு முறுக்கு முறுக்கி, அதன் மேல் மருத்துவப் பசை ஒரு சொட்டு விடுவார்கள். முடியே நூலாகிவிடுகிறது. ஊசியில்லை, பிறகு பிரிக்கவும் தேவையில்லை. சிங்கப்பூர் மருத்துவர்கள் இதைச் சாதாரணத் தையலோடு ஒப்பிட்டுச் சோதித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். நீள முடிதான் இதற்கு வசதி என்று சொன்னதும் என் மாமியாருக்கு உண்டான பெருமையைப் பார்க்க வேண்டுமே! ஆனால் ரத்தம் நிற்காத காயத்துக்கும் பெரிய, ஆழமான காயத்துக்கும் இது சரிவராது. அவருக்குத் தையல்தான் போட்டார்கள்.

உதவியாளர் பிளேடும் கையுமாகத்தான் வந்தார். நாங்கள் டாக்டரம்மாவிடம் கேட்டோம். காயத்தின் ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கத்தரித்தால் போதும் என்று சொல்லி, மற்ற முடியைக் களிம்பு தடவி இரு புறமும் ஒதுக்கிக்கொண்டு தைத்துவிட்டார். கேட்டால் பல இடங்களில் செய்வார்கள், கேட்கத்தான் வேண்டும். கன்னடத்தில் சொல்ல வேண்டியிருந்தால் “கூதலு போளிஸபேடி, ஸ்வல்ப மாத்ர கத்தரிஸி” என்றால் போதும். முடியை மழிக்காதீர்கள், கொஞ்சம் மட்டும் வெட்டுங்கள் என்று பொருள். நம் கூந்தல்தானே அவர்களுடைய கூதலு! தையலுக்கு ஹொலிகெ என்பார்கள். நர்ஸ் “ஐது ஹொலிகெ” என்றதை ஐந்து ஹோளிகெ, அதாவது ஐந்து போளி, என்று எண்ணிக்கொண்டு, “எனக்குச் சர்க்கரை இருக்கே” என்றார் மாமியார். அதே சமயம், காயத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை, எலும்பு உடைந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் முடிக்காக வாதாட வேண்டாம். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்ந்துவிடும்.

டெட்டனஸ் ஊசி பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஓயாத வாந்தி, அதிகமாகும் தலைவலி, எழுப்பினாலும் கலையாத மயக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல் ஒழுகுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108-ஐ அழைத்துவிட வேண்டும். பெங்களூரில் இருக்கும் நமக்கு ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இரவு பகலாக இருக்கிறது.

இனி வீட்டில் நாம் படும் பாடு. முதல் இரண்டு நாள் தையல் நனையக் கூடாது. ஆனால் உலர்ந்த ரத்தம் முடியில் ஒட்டிச் சடை பிடித்திருக்கும். அப்படியே விட்டால் நாறும், பின்னர் பிரிப்பதும் கடினம். நாங்கள் செய்தது இது: மாமியாரைக் கட்டிலின் ஓரத்தில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முடியின் கீழ்ப்பாதியை மட்டும் பக்கெட்டில் தொங்கவிட்டு ஊறவைத்தோம். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. சூடு அதிகமானால் ரத்தம் உறைந்து இன்னும் பிடித்துக்கொள்ளும். பிறகு விரல்களால் பிரித்து, அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கி, சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு வாரினோம். அப்படிப் பிடித்துக்கொண்டால் இழுவை கையோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. காயத்துக்கு அருகில் உள்ள சிக்கைத் தொடவே இல்லை. அது பத்து நாள் காத்திருக்கட்டும்.

இரண்டு நாளுக்குப் பிறகு, மருத்துவர் சரி என்றால், மென்மையான ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து மேலாக ஊற்றி அலசலாம். சீயக்காய்த்தூள் வேண்டாம், திப்பி தையலில் தங்கிவிடும். குனிந்து தேய்க்காமல், தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றுங்கள். முடியை முறுக்கிப் பிழியாமல் பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி எடுங்கள். நீள முடியின் ஈரம் மணிக்கணக்கில் நிற்கும் என்பதால் காலையிலேயே குளிப்பது நல்லது. ஈரத் தலையோடு பின்னினால் காயம் ஊறிப்போகும்.

வகிடு காயத்துக்கு எதிர்ப்பக்கம். பின்னல் கழுத்துக்குக் கீழே தொடங்கி, தளர்வாக, துணி நாடாவால் முடிய வேண்டும். உயரக் கொண்டை, சவுரி, ரப்பர் பேண்டு, கொண்டை ஊசி எதுவும் கூடாது. நான்கு முழம் மல்லிகையும் கனம்தான். ஆசைக்குப் பின்னலின் நுனியில் ஒரு துண்டுச் சரம் வைத்துவிட்டேன். இரவில் பின்னலை முன்பக்கம் போட்டுக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள். முதுகுக்கடியில் அகப்பட்டால் திரும்பிப் படுக்கும்போது சுண்டி இழுக்கும். எங்களுக்கு இது மூன்றாம் நாள் இரவில்தான் புரிந்தது.

எண்ணெய் காயத்தின் பக்கமே போகக் கூடாது. அழுக்கும் தூசும் சேரும். பசை போட்டிருந்தால் எண்ணெய் அதைக் கரைத்தும் விடும். தையலைப் பொதுவாக ஏழிலிருந்து பத்து நாளில் பிரிப்பார்கள். சீழ், துர்நாற்றம், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால் அதற்கு முன்பே காட்டுங்கள்.

வண்டியில் போகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. கர்நாடகத்தில் 2016 சனவரி முதல் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். தையல் பிரித்துக் காயம் உலரும்வரை ஹெல்மெட் உராயும், ஹெல்மெட் இல்லாமல் போகவும் கூடாது. எனவே ஆட்டோ அல்லது பஸ்தான். பிறகும் கொண்டையின் மேல் ஹெல்மெட் போடாதீர்கள். அது தலையில் சரியாக உட்காராது. விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி உபயோகிக்கவும் வேண்டாம்.

இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் பயப்பட வேண்டியதில்லை. பெரிய அடி, காய்ச்சல், பிரசவம் இவற்றுக்குப் பிறகு பலருக்கும் அப்படித்தான். வேர் இருப்பதால் சில மாதங்களில் திரும்ப வளர்ந்துவிடும். தழும்பு விழுந்த கோட்டில் மட்டும் முளைக்காமல் போகலாம். நீள முடியில் அது தெரியவா போகிறது?

பத்தாம் நாள் தையல் பிரித்த நர்ஸிடம் மாமியார் முதலில் கேட்டது, எண்ணெய்க் குளியல் எப்போது என்பதுதான். “ஒந்து திங்களு” என்றார் அவர். கன்னடத்தில் ஒரு மாதம். எனக்குப் புரிந்தது, அவருக்கும் புரிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த திங்கட்கிழமை விடிகாலையில் அடுப்பில் நல்லெண்ணெய் காய்கிற வாசனை வந்து என்னை எழுப்பியது.