சவுக்கு நாற்றுகளுக்குத் தொழு உரமா, இரசாயன உரமா?

சவுக்கு பயிரிடும் விவசாயிகளிற் பலர், நாற்றங்காலில் விரைந்து உயரும் நாற்றையே நல்ல நாற்றென்று கருதுகின்றனர். ஆயினும் நாற்றின் தரம், கொல்லையில் நட்டபின் முதற் கோடையைத் தாங்குகிறதா என்பதைக் கொண்டே அறியப்படுவதாகும். உரத்தைத் தேர்ந்தெடுக்கையில் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

சத்தின் அளவை மாத்திரம் நோக்கினால் இரசாயன உரமே மேலானதாகத் தோன்றும். 100 கிலோ யூரியாவில் தழைச்சத்து 46 கிலோ உள்ளது. நன்கு மக்கிய தொழு உரம் 100 கிலோவிலோ ஏறத்தாழ அரை கிலோவே உண்டு. எனினும் தொழு உரத்தின் பயன் இத்துடன் நிற்பதன்று. அது மணலில் ஈரத்தை நிறுத்தும். செம்மண்ணை இறுக விடாது. சத்தைச் சிறுகச் சிறுக வெளியிடும். யூரியாவோ நீரில் உடனே கரைவது. தினந்தோறும் நீர் வார்க்கும் பைகளிலிருந்து அதன் ஒரு பகுதி வீணே வடிந்துபோம். அளவு மிஞ்சினால் இளவேர் கருகும்.

சவுக்குக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தைக் கிரகித்து மரத்துக்கு அளிக்கிறது. தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் இம்முடிச்சுகள் தோன்றுவது குறையும். அத்தகைய நாற்று பசுமையாக ஓங்கி நின்றாலும், தண்டு மெலிந்து, வேர் போதாமல், வறட்சி கண்டபோது வாடிவிடும்.

ஆகையால், செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு என்ற அளவிற் கலந்து பைகளை நிரப்புதல் நலம். பச்சைச் சாணம் உதவாது. அது மக்கும்போது சூடு உண்டாவதுடன் கறையானும் வேர்ப்புழுவும் வந்து சேரும். நோயற்ற முதிர்ந்த சவுக்குத் தோப்பிலிருந்து வேர் முடிச்சுகளுடன் எடுத்த மண்ணையும் சிறிது சேர்க்கலாம். நாற்று வெளிறிக் காணப்பட்டால் மாத்திரம், லிட்டர் நீருக்கு 2 கிராமுக்கு மிகாமல் யூரியாவைக் கரைத்து மாலையில் வார்த்து, உடனே தெளிந்த நீரும் தெளித்தல் வேண்டும். நடுவதற்கு ஒரு மாதம் முன்னரே இதனையும் நிறுத்தி, நீரையும் படிப்படியாகக் குறைத்து, நாற்றை வெயிலுக்குப் பழக்குதல் அவசியம்.

உயரத்தைப் பாராமல், தடித்த தண்டும் முடிச்சு நிறைந்த வேரும் உடைய நாற்றுகளையே பொறுக்கி நட்டால், பட்டுப்போன இடங்களில் மறுநடவு செய்யும் செலவு பெரிதும் குறையும்.